மாமாவும் நானும் சில பறக்கும் தட்டுகளும்

ஒரே பொருளை ரெண்டு விதமா வித்த பெருமை அமெரிக்காக்காரனுக்குத்தான் உண்டு. பிளாஸ்டிக்ல செஞ்சு குழந்தைங்க கையில குடுத்தா அது ஃப்ரிஸ்பி. தெளிவில்லாம ஃபோட்டோ எடுத்து பெரியவங்க கையில குடுத்தா அது பறக்கும் தட்டு. ரெண்டுமே வட்டம், ரெண்டுமே பறக்கும், ரெண்டையும் துரத்திக்கிட்டு ஓடுறவன் கடைசியில ஏதாவது ஒரு புதருக்குள்ளதான் நிப்பான். நான் நின்னிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன் :-)

விளையாட்டோட பேரு டிஸ்க் கோல்ஃப். நம்ம ஊர்ல பலருக்குத் தெரியாதுங்கறதால சுருக்கமா சொல்லிடறேன். கோல்ஃப் மாதிரியேதான், ஆனா மட்டையும் கிடையாது பந்தும் கிடையாது. ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தட்டை எறியணும். குழிக்குப் பதிலா ஒரு இரும்புக் கம்பம், அதுல ஒரு கூடை, கூடைக்கு மேல சுத்திலும் சங்கிலி தொங்கும். தட்டு சங்கிலியில 'சிலுங்'குனு அடிச்சு கூடைக்குள்ள விழுந்தா அந்த ஹோல் முடிஞ்சுது. எத்தனை எறியில முடிச்சோம்கறதுதான் கணக்கு. மொத்தம் பதினெட்டு ஹோல். பெரும்பாலான பூங்காக்கள்ல காசே கிடையாது, ஒரு தட்டு மட்டும் வாங்கினாப் போதும். கோல்ஃப் பணக்காரன் விளையாட்டுன்னா இது அதோட ரேஷன் கடை வெர்ஷன்.

2023 கோடையில, பி.காம். முதல் வருஷப் பரீட்சை முடிச்ச கையோட, கலிஃபோர்னியாவுல பாசடீனாவுக்குப் பக்கத்துல இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டிக்கெட்டை ஜனவரியிலேயே அக்கா எடுத்து வச்சிருந்தா. டிக்கெட் எடுத்தப்ப மாமாவுக்கு வேலை இருந்துச்சு. நான் போய் இறங்கினப்ப இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில லேப்டாப்பைத் திறந்தா பாஸ்வேர்டு வேலை செய்யலையாம். அப்புறம் சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்துச்சாம். ஏன் இவர், ஏன் பக்கத்து சீட்காரர் இல்லை, அதுக்கு ஒரு வரி பதில் கிடையாது.

ஹெச்1பி விசாவுல இருக்கறவங்களுக்கு வேலை போனா 60 நாள் அவகாசம். அதுக்குள்ள இன்னொரு கம்பெனி இவங்களுக்காக மனு போடணும். இல்லைன்னா மூட்டை கட்டணும். அக்கா ஃப்ரிட்ஜ் மேல ஒரு காலண்டர் ஒட்டி தினமும் ஒரு கட்டத்தை அடிச்சுக்கிட்டு வந்தா. நான் போனப்ப பன்னிரண்டு கட்டம் அடிச்சிருந்துச்சு. ஏழு வயசு மருமக அது என்னமோ திருவிழாவுக்கு நாள் எண்றாங்கன்னு நெனைச்சு கலர் பென்சில்ல சுத்தி பூ வரைஞ்சு வச்சிருந்தா.

மாமா பகல்ல நூறு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பினார். ராத்திரி யு.எஃப்.ஓ. வீடியோ பார்த்தார். மொதல்ல நான் இதை டைம்பாஸ்னுதான் நெனைச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்து வந்தா ஹால் இருட்டுல நீல வெளிச்சத்துல மாமா முகம் மட்டும் மிதக்கும். அந்த முகமே ஒரு வேற்றுக்கிரகவாசி மாதிரி இருக்கும். "மாப்ள, இதைப் பாரு, நாசாகாரன் கேமராவை டக்குனு திருப்பிட்டான் பார்த்தியா" அப்படிம்பார். அக்கா ஒரு நாள் என்னைத் தனியா கூப்ட்டு, "டேய், அவரை எப்படியாவது வெளிய இழுத்துட்டுப் போடா. செருப்பு போட்டே பத்து நாளாச்சு" அப்படின்னா.

எப்படி இழுக்கறது? இங்கதான் வரலாறு எனக்குக் கை குடுத்துச்சு.

உலகத்தோட முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் 1975-ல எட் ஹெட்ரிக்னு ஒருத்தர் அமைச்சது. எங்கன்னா, பாசடீனா ஓரத்துல இருக்கற ஓக் குரோவ் பார்க்குல. இப்ப அந்த இடத்துக்கு ஹஹமோங்னா பூங்கான்னு அந்த மண்ணோட பழங்குடிப் பேரு. அக்கா வீட்லருந்து கார்ல பத்து நிமிஷம். அதுவா விஷயம்? பூங்காவுக்கு அடுத்த வாசல்தான் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி. நாசாவுக்காக வாயேஜர்ல ஆரம்பிச்சு செவ்வாய்ல ஓடற வண்டி வரைக்கும் செஞ்ச அதே ஜேபிஎல். முதல் டிஸ்க் கோல்ஃப் மைதானத்துக்கும் விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நடுவுல ஒரு வேலியும் கொஞ்சம் ஓக் மரமும்தான்.

"மாமா, ஜேபிஎல் பின்னாடி ஒரு பார்க் இருக்காம். வேலி வரைக்கும் போகலாமாம்" அப்படின்னு மட்டும் சொன்னேன். பத்து நாளா செருப்பு போடாத மனுஷன் ஷூ போட்டார். கழுத்துல பைனாகுலர்.

அந்த இடத்தைப் பத்தி மாமா ஏற்கனவே பிஹெச்டி பண்ணி வச்சிருந்தார். அந்த வறண்ட ஆத்துப் படுகையிலதான் 1936 அக்டோபர் 31-ம் தேதி சில இளைஞர்கள் ராக்கெட் எஞ்சினைப் பரிசோதிச்சாங்க. ஜேபிஎல்லோட பூர்வாசிரமம் அதுதான். அந்தக் கூட்டத்துல ஒருத்தர் ஜாக் பார்சன்ஸ். பகல்ல ராக்கெட் எரிபொருள், ராத்திரி மாந்திரீகச் சடங்கு. 1952-ல வீட்டு ஆய்வுக்கூடத்துல நடந்த வெடிவிபத்துல செத்துப்போனார். நிலாவுல ஒரு பள்ளத்துக்கு இவர் பேரு வச்சிருக்காங்க. அதுவும் நமக்குத் தெரியாத பின்பக்கத்துல! பூங்காவோட தெக்கு ஓரத்துல 1920-ல கட்டின அணையோட பேரு டெவில்ஸ் கேட். அதாவது பிசாசு வாசல். பாறை ஒண்ணு பிசாசு முகம் மாதிரி இருக்கறதால வந்த பேரு. இதெல்லாமே உண்மைதான். ஆனா மாமா இதை வரிசையா சொல்லும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல ஒரு 'அப்போ யோசிச்சுக்கோ' வரும் பாருங்க, அங்கதான் சதி உற்பத்தி ஆகுது.

முதல் நாள் ஆட்டம் படு கேவலம். தட்டு எறியறது சுலபம்னு நெனைக்காதீங்க. வலது கையால உள்பக்கமா இழுத்து வீசினா தட்டு கடிகாரச் சுத்துல சுத்தும். வேகம் இருக்கற வரைக்கும் நேரா போகும். வேகம் குறைஞ்சதும் இடது பக்கம் சாஞ்சு இறங்கும். நேரா எறிஞ்சு நேரா போகணும்னு எதிர்பார்த்தா தட்டு காட்டுக்குள்ள போயிடும். கொஞ்சம் வலது பக்கம் பார்த்து எறியணும். மூணு எறியில முடிக்க வேண்டிய ஹோலை மாமா எட்டுல முடிச்சார். நான் ஒன்பது. அங்க புதர்ல பாய்சன் ஓக்னு ஒரு செடி. மூணு மூணு இலையா இருக்கும், பட்டா ஒரு வாரம் அரிப்பு. தட்டு அதுக்குள்ளதான் போய்ப் படுத்துக்கும், சொல்லி வச்ச மாதிரி.

ஆனா பதினோராவது ஹோல்ல மாமா இருபதடி தூரத்துலருந்து போட்ட தட்டு சங்கிலியில 'சிலுங்'குனுச்சு. மாமா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னார். அந்த மாசத்துல அவர் அனுப்பின ஒண்ணுக்கு உடனே வந்த முதல் பதில் அதுதான்.

அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் போனோம். எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு ஹோலுக்கும் மாமா ஒரு கேஸ் சொல்லணும். அடுத்த ஹோல் முடியறதுக்குள்ள நான் அதை ஆடிட் பண்ணணும். பி.காம். படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா!

கேஸ் நம்பர் ஒண்ணு, கென்னத் ஆர்னால்ட். 1947 ஜூன் 24, வாஷிங்டன் மாநிலம், ரெய்னியர் மலைக்குப் பக்கத்துல சின்ன விமானம் ஓட்டிக்கிட்டுப் போனவர் ஒன்பது பொருள் வரிசையாப் பறக்கறதைப் பார்த்ததா சொன்னார். அது எப்படிப் பறந்துச்சுன்னு கேட்டதுக்கு, தட்டைத் தண்ணி மேல வீசினா தத்தித் தத்திப் போகுமே அது மாதிரின்னார். நாம கண்மாய்ல ஓட்டுச் சில்லு எறிவோமே, அதே. அவர் சொன்னது பறந்த விதத்தை. பத்திரிகைக்காரங்க அதை உருவம்னு எடுத்துக்கிட்டு 'பறக்கும் தட்டு'ன்னு போட்டுட்டாங்க. அவர் பார்த்ததா சொன்ன உருவம் முழு வட்டமே இல்லை. ஆனா அதுக்கப்புறம் உலகம் பூரா ஜனங்க பார்த்தது வட்டமான தட்டைத்தான்! வேற்றுக்கிரகவாசிகள் பேப்பர் படிச்சுட்டு வண்டி மாடலை மாத்திக்கிட்டாங்க போல. இதை நான் சொன்னப்ப மாமா பதில் சொல்லாம தட்டை எறிஞ்சார். இடது பக்கம் புதருக்குள்ள போச்சு.

கேஸ் நம்பர் ரெண்டு, ராஸ்வெல். 1947 ஜூலை 8-ம் தேதி, நியூ மெக்சிகோவுல ராஸ்வெல் ராணுவ விமானதளமே 'பறக்கும் தட்டு கைப்பற்றப்பட்டது'ன்னு அறிக்கை விட்டுச்சு. மறுநாள் பேப்பர்ல 'இல்லை இல்லை, அது வானிலை பலூன்'னு மாத்திட்டாங்க. "பார்த்தியா, மறைச்சிட்டான்" அப்படின்னார் மாமா. இங்க மாமாவுக்குத்தான் மார்க். நிஜமாவே மறைச்சாங்க! 1994-ல அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கைப்படி அது ப்ராஜெக்ட் மோகல்ங்கற ரகசியத் திட்டத்தோட பலூன் வரிசை. சோவியத் யூனியன் அணுகுண்டு வெடிச்சா வானத்து உசரத்துல அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்காக விட்டது. பொய் உண்மை. ஆனா பொய்க்குப் பின்னாடி இருந்தது ரஷ்யா பயம், செவ்வாய்க்கிரகம் இல்லை.

யு-2 கதையும் இதே ரகம்தான். 1955-ல நெவாடா பாலைவனத்துல அந்த உளவு விமானத்தைப் பறக்க விட ஆரம்பிச்சாங்க. அப்ப பயணிகள் விமானம் எல்லாம் 20,000 அடிக்குக் கீழ. இது 60,000 அடிக்கு மேல. சாயங்காலம் கீழ இருட்டினதுக்கு அப்புறமும் அந்த உசரத்துல வெயில் பட்டு அதோட இறக்கை மின்னும். பைலட்டுங்க மிரண்டுபோய் புகார் மேல புகார். 1950-கள் கடைசியிலருந்து 60-கள் முழுக்க வந்த புகார்கள்ல பாதிக்கு மேல இந்த மாதிரி உளவு விமானங்கள்தான்னு சிஐஏ-வோட சொந்த ஆய்வு ஒண்ணு 1997-ல சொல்லுச்சு. அந்த விமானம் பறந்த ஏரியா 51-ன்னு ஒரு இடம் இருக்குங்கறதையே 2013-லதான் ஆவணங்கள்ல ஒத்துக்கிட்டாங்க. அரசாங்கம் பொய் சொல்லாதுன்னு நான் மாமாகிட்ட வாதாடவே இல்லை. பொய் சொல்லும். ஆனா நாம ஆசைப்படற பொய்யைத்தான் சொல்லியிருக்கணும்னு கட்டாயம் இல்லை.

கேஸ் நம்பர் மூணு, வாயேஜர். இது மாமாவோட மாஸ்டர் பீஸ். 1977-ல போன ரெண்டு வாயேஜர்லயும் ஒரு தங்க இசைத்தட்டு இருக்கு. அதுல 55 மொழியில வணக்கம். தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு. ஆயிரக்கணக்கான வருஷமா யாரும் பேசாத சுமேரியன் கூட இருக்கு. தமிழ் இல்லை! "ஏன் இல்லை மாப்ள? அவங்களுக்கு ஏற்கனவே தமிழ் தெரியும்!" அப்படின்னார் மாமா. வேலி அந்தப் பக்கம் ஜேபிஎல் கட்டடத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னார். இந்த ஒரு கேஸ்ல மட்டும் நான் ஆடிட் ரிப்போர்ட் குடுக்கலை. குடுக்க மனசு வரலை :-)

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் நான் மாமாவுக்குச் சொன்னது. தட்டைக் கண்டுபிடிச்ச ஃப்ரெட் மாரிசனோட கதை. 1938-ல சான்டா மோனிகா கடற்கரையில வருங்கால மனைவியோட கேக் பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சு விளையாடிக்கிட்டிருந்தார். ஒருத்தன் வந்து அதை 25 சென்ட்டுக்குக் கேட்டான். கடையில அது 5 சென்ட். அடக்க விலைக்கு மேல 400 சதவீதம் லாபம்! அன்னைக்கே முடிவு பண்ணிட்டார். ரெண்டாம் உலகப்போர்ல போர் விமானம் ஓட்டிட்டு வந்து, 1948-ல கூட்டாளி ஒருத்தரோட சேர்ந்து பிளாஸ்டிக் தட்டு போட்டார். முந்தின வருஷம்தான் ஆர்னால்ட் பரபரப்பு. அதனால பேரு ஃப்ளையின் சாசர்! 1955-ல போட்ட அடுத்த மாடலுக்கு புளூட்டோ பிளாட்டர். ஓரத்துல கிரகங்களோட பேரெல்லாம் அச்சடிச்சிருந்துச்சு. 1957-ல வாம்-ஓ கம்பெனி உரிமையை வாங்கி அந்த வருஷமே ஃப்ரிஸ்பின்னு பேரு மாத்துச்சு. ஆக, யு.எஃப்.ஓ. பீதியில நிஜமா காசு பார்த்த முதல் ஆட்கள்ல இவரும் ஒருத்தர். அதுவும் நேர்மையா.

நேர்மைன்னா எப்படி? சந்தையில டெமோ காட்டும்போது ஜனங்க, 'இது கம்பியில ஓடுது'ன்னு சந்தேகப்பட்டாங்களாம். உடனே இவர், 'ஆமாங்க, கண்ணுக்குத் தெரியாத கம்பி. கம்பி விலை ஒரு டாலர். கம்பி வாங்கினா தட்டு இலவசம்'னுட்டாராம். எங்க மார்க்கெட்டிங் பாடப் புஸ்தகத்துல இதை விட நல்ல உதாரணம் எதுவும் கிடையாது.

இதை நான் சும்மா சிரிப்புக்காகச் சொல்லலை. அந்த வாரம் வீட்ல ஒரு சண்டை. யு.எஃப்.ஓ. ரகசியம் வெளியிடப் போறோம்னு ஒரு கூட்டம் ஆன்லைன் மாநாடு நடத்துச்சு. அனுமதிச் சீட்டு 299 டாலர். மாமா கார்டு நம்பர் வரைக்கும் அடிச்சுட்டார். அக்கா பின்னாடி நின்னு பார்த்துட்டா. ஃப்ரிட்ஜ் காலண்டர்ல அன்னைக்கு முப்பத்தி மூணாவது கட்டம். அக்கா கத்தலை. "வாடகைக்கு என்ன பண்றதுன்னு நான் யோசிக்கறேன், நீங்க வானத்தைப் பாருங்க" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா. மறுநாள் மைதானத்துல நாலு ஹோல் வரைக்கும் மாமா வாயே திறக்கலை. அஞ்சாவது ஹோல்ல நான்தான் மாரிசன் கம்பிக் கதையைச் சொன்னேன். வீடியோ இலவசம், கம்பிக்குத்தான் காசு.

மாமா சிரிப்பார்னு எதிர்பார்த்தேன். அவர் ஒரு மரத்தடியில உக்காந்துட்டார்.

"மாப்ள, உனக்கு ஒண்ணு சொல்லட்டா. பதினோரு வருஷம் அந்தக் கம்பெனியில இருந்தேன். என்னை ஏன் அனுப்பினாங்கன்னு யாருக்கும் தெரியலைடா. எங்க மேனேஜருக்குத் தெரியாது. அவருக்கு மேல இருக்கறவனுக்கும் தெரியாது. ஏதோ ஒரு எக்ஸெல் ஷீட்ல ஏதோ ஒரு வரிசை. யாராவது ஒருத்தன் உக்காந்து, திட்டம் போட்டு, வேணும்னே என்னைத் தூக்கியிருந்தாக் கூட பரவாயில்லைன்னு தோணுது. அப்படி ஒருத்தன் இருந்தா அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம் இல்ல?"

அன்னைக்குத்தான் எனக்கு அந்த ராத்திரி ரெண்டு மணி நீல வெளிச்சம் புரிஞ்சுது. அவர் வேற்றுக்கிரகவாசியைத் தேடலை. பொறுப்பான ஆளைத் தேடினார். உலகத்தை எவனோ ரகசியமா நடத்தறான்கறது பயமான விஷயம்னு நாம நெனைக்கறோம். எவனுமே நடத்தலை, அது பாட்டுக்கு நடக்குதுங்கறது அதை விடப் பயம். சதிக் கதையில குறைஞ்சபட்சம் ஒரு மேனேஜர் இருக்கான்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அக்கவுண்ட்ஸ்தான் தெரியும். அதையே சொன்னேன். அமெரிக்க விமானப்படை 1952-லருந்து 1969 வரைக்கும் ப்ராஜெக்ட் புளூ புக்னு ஒண்ணு நடத்துச்சு. மொத்தம் வந்த புகார் 12,618. விளக்கம் கிடைக்காதது 701. சுமார் அஞ்சரை சதவீதம். மாமா இந்த 701-ஐத்தான் ஆதாரம் ஆதாரம்னு சொல்லிக்கிட்டிருந்தார். நாங்க டிரையல் பேலன்ஸ் போடும்போது ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒரு தலைப்புல வைப்போம். அப்படி வைக்கறதுக்கு அர்த்தம் யாரோ திருடிட்டான்கறது இல்லை. எல்லாம் சரியா இருக்குங்கறதும் இல்லை. எங்க தப்புன்னு இன்னும் தெரியலை, தெரியற வரைக்கும் இங்க இருக்கட்டும், மத்த வேலை நிக்க வேண்டாம். அவ்வளவுதான். கடையை மூடாம கணக்கு எழுதறதுக்கு அது ஒரு வழி.

"உங்க வேலை போன காரணத்தையும் சஸ்பென்ஸ்ல போடுங்க மாமா" அப்படின்னேன்.

மாமா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "எங்க வாத்தியார் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் போட்டா அஞ்சு மார்க் குறைப்பாருடா" அப்படின்னுட்டு எழுந்து தட்டைத் துடைச்சார். அவரும் பிளஸ் டூவுல காமர்ஸ் குரூப்தானாம். அன்னைக்குத்தான் தெரியும் எனக்கு.

ஜூன்ல நிலைமை இன்னும் சூடு பிடிச்சுது. ஜூன் 5-ம் தேதி டேவிட் கிரஷ்னு ஒரு முன்னாள் உளவுத்துறை அதிகாரி, மனுஷன் செய்யாத வாகனங்களை அமெரிக்க அரசாங்கம் வச்சிருக்குன்னு பேட்டி குடுத்தார். மாமாவுக்கு தீபாவளி. அதே வாரம் மேற்கு வானத்துல ஒரு வெளிச்சம் வேற. அசையாம, கண்ணு கூசற மாதிரி, தினமும் சாயங்காலம் ஓக் மரங்களுக்கு மேல. "நேத்தும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. நம்மளைக் கவனிக்குது" அப்படின்னார். ஆடிட்டர் ரிப்போர்ட்: வெள்ளி. சூரியனை விட்டு ரொம்ப தூரம் விலகித் தெரிஞ்சது அந்த ஜூன் 4-ம் தேதிதான். பக்கத்துல மங்கலா சிவப்பா இருந்தது செவ்வாய். ஜிம்மி கார்ட்டர் 1969-ல பார்த்த யு.எஃப்.ஓ.கூட வெள்ளிதான்னு ஆராய்ச்சிக்காரங்க சிலர் சொல்றாங்க. ஜனாதிபதியா ஆகப்போறவரே ஏமாந்திருந்தா மாமா எம்மாத்திரம்!

ஆனா அந்தக் கோடையில ஓக் குரோவ்ல நிஜமாவே ஒரு யு.எஃப்.ஓ. பார்க்கப்பட்டது. சாட்சி இருக்கு. அது நாங்கதான் :-) இருட்டுல மின்னற தட்டுன்னு ஒண்ணு விக்கும். டார்ச் அடிச்சுக் காட்டினா கொஞ்ச நேரம் பச்சையா ஒளிரும். பூங்கா சாத்தற நேரம், வெளிச்சம் மங்கிக்கிட்டிருக்கு. மாமா கடைசி ஹோலுக்கு அதை இழுத்து ஒரு வீசு வீசினார். அந்த ரெண்டு மாசத்துல அவர் எறிஞ்சதுலேயே அழகான எறி. மரத்துக்கு மேல எழும்பி, நேராப் போய், நின்ன மாதிரி ஒரு கணம் மிதந்து, மெதுவா இடது பக்கம் சாஞ்சுது. அந்தப் பக்கம் நடைபாதையில யாரோ ஒரு சின்னப் பையன், "டாட்! டாட்! யு.எஃப்.ஓ!"ன்னு கத்தறான். அப்பா, "எங்க? எங்க?"ங்கறார். தட்டு புதருக்குள்ள இறங்கிடுச்சு. பாய்சன் ஓக் பயத்துல நாங்க எடுக்கப் போகலை.

நான் போய் அந்தப் பையன்கிட்ட விளக்கிடலாம்னு கிளம்பினேன். மாமா கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். "விடுடா. அவனுக்கும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கட்டும்." வண்டியில வரும்போது பூரா சிரிச்சுக்கிட்டே வந்தார். வீட்டுக்கு வந்து அக்காகிட்டயும் பாப்பாகிட்டயும் நடிச்சுக் காட்டினார். அக்கா சிரிச்சு நான் பார்த்தது அந்தப் பயணத்துலேயே அன்னைக்குத்தான் முதல் தடவை.

ஐம்பத்தி ஒண்ணாவது நாள் வேலை கிடைச்சுது. சம்பளம் கம்மி, ஊரு வேற. ஆனா மனு போட நாள் இருந்துச்சு. எந்த ஊருன்னு கேளுங்க. அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ்! 1997 மார்ச் 13-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் வானத்துல விளக்கு வரிசை பார்த்ததா சொன்ன அதே ஊரு. ராத்திரி பத்து மணி வாக்குல தெரிஞ்சது பயிற்சி விமானங்கள் போட்ட வெளிச்சக் குண்டுன்னு ராணுவம் சொல்லுச்சு. அப்ப கவர்னரா இருந்த ஃபைஃப் சைமிங்டன், தன்னோட உதவியாளருக்கு வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்டு பத்திரிகையாளர் கூட்டத்துல கொண்டுவந்து நிறுத்தி கிண்டல் பண்ணினார். அதே மனுஷன் பத்து வருஷம் கழிச்சு 2007-ல, 'அன்னைக்கு நானும் பார்த்தேன்'னுட்டார்! இதை மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கலை. வேலைக்கான கடிதத்தைப் படிச்சு முடிச்ச அடுத்த நிமிஷம் அவரே எனக்குச் சொன்னார். அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. பாப்பா காலண்டர்ல மிச்சம் இருந்த ஒன்பது கட்டத்துக்கும் சேர்த்து பூ வரைஞ்சா.

நான் ஊருக்குத் திரும்பிட்டேன். ஜூலை 26-ம் தேதி கிரஷ் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சாட்சி சொன்னப்ப நமக்கு சாயங்காலம் ஏழரை மணி, ஃபீனிக்ஸ்ல காலை ஏழு. மாமா வாட்ஸ்அப்ல வீடியோ கால். பின்னாடி பிரிக்காத அட்டைப்பெட்டி அடுக்கு. அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசாம பார்த்தோம். "ஆதாரம் காட்டினாரா?" அப்படின்னேன். "ரகசியம்னு சொல்றாருடா, வெளிய காட்டக் கூடாதாம்" அப்படின்னார். அப்புறம் அவரே, "வவுச்சர் இல்லாத என்ட்ரி" அப்படின்னுட்டு, ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு வச்சுட்டார். மறுபடியும் 'ஆபீஸுக்கு நேரமாச்சு'ன்னு ஒரு மனுஷன் எவ்வளவு சந்தோஷமா சொல்ல முடியும்னு அன்னைக்குத்தான் கேட்டேன்.

2024 மார்ச்ல பென்டகனோட அதுக்கான அலுவலகம் பெரிய அறிக்கை ஒண்ணு வெளியிட்டுச்சு. 1945-லருந்து நடந்த விசாரணைகள் எதுலயும் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் இல்லைன்னு. மாமாவுக்கு லிங்க் அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் ஒரு ஃபோட்டோ வந்துச்சு. சாயங்கால வானம், சோளக்கொல்லை பொம்மை மாதிரி கை விரிச்சு நிக்கற ஒரு பெரிய கள்ளிச்செடி, அதுக்குப் பக்கத்துல ஒரு டிஸ்க் கோல்ஃப் கூடை. பாப்பா கையில அவளை விட அகலமா தெரியற ஒரு மஞ்சள் தட்டு. கீழ மாமா எழுதியிருந்தார்: "அறிக்கை படிச்சேன். சரியாத்தான் இருக்கு. ஆனா வாயேஜர்ல தமிழ் ஏன் இல்லைன்னு அதுல ஒரு வார்த்தை இல்லையே மாப்ள?"